நெருக்கடியும் மூளையும்

புணே நகரில் 'கேம்ப்' என்று மக்கள் வழங்கும் பகுதி ஒரு பழைய பாசறையாகும். 1817-ஆம் ஆண்டில் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலக் கம்பெனியின் படைக்கும் இடையே கட்கியில் நடந்த போரை அடுத்து அப்பாசறை அமைந்தது. தமிழ்க் குடும்பங்கள் பலவும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றன. அப்பகுதியை ஒட்டிய சோலாப்பூர் சாலையில், 1948-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் தோற்றுவிக்கப்பெற்ற ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெப்பம், குளிர், மலையின் உயரம், உறக்கமின்மை, அச்சம் ஆகிய இத்தனை நெருக்கடிகளையும் மனித உடல் எவ்வாறு தாங்குகிறது என்பது, படை மருத்துவம் பயில்வோர் எவரும் தவிர்க்க இயலாத வினாவாகும்.

இவ்வினா படைவீரனுக்கு மட்டும் உரியதன்று. தேர்வுக்குச் செல்லும் மாணவனும், மழையை எதிர்நோக்கும் உழவனும், நோயுற்ற குழந்தையின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் தாயும் நெருக்கடிக்கு ஆட்பட்டவர்களே. இவர்கள் அனைவருடைய உடலிலும் ஏறத்தாழ ஒரே வகையான மாறுதல்கள் நிகழ்கின்றன. அம்மாறுதல்களைத் தொடங்கி வைப்பது மூளை; அவற்றை முடித்து வைப்பதும் மூளையே.

பாசறை எதனிலும் இருவகை அறிவிப்புகள் உண்டு. ஒன்று, அபாயம் வந்தது என்பது. மற்றொன்று, அபாயம் நீங்கியது, ஓய்வு கொள்ளலாம் என்பது. முதல் அறிவிப்பு இல்லாத பாசறை பகைவனுக்கு இரையாகும். இரண்டாம் அறிவிப்பு இல்லாத பாசறையோ பகைவன் வராமலேயே சில நாள்களில் சோர்ந்து விழும். நம் உடலின் நிலையும் இதுவே. நெருக்கடி என்றவுடன் நாம் முதல் அறிவிப்பைப் பற்றியே எண்ணுகிறோம். உடல்நலத்தைப் பொறுத்தவரை இரண்டாவது அறிவிப்பு அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கயிறும் பாம்பும்

அந்தி மயங்கும் வேளையில் வழியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சும் மனிதனைப் பற்றி நம் தத்துவ நூலார் பலமுறை பேசியுள்ளனர். உடலியல் நோக்கிலும் இது சிறந்த எடுத்துக்காட்டாகும். அம்மனிதன் 'இது பாம்பு' என்று எண்ணி முடிப்பதற்கு முன்பே பின்னோக்கித் துள்ளிவிடுகிறான். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. விளக்கைக் கொண்டுவந்து பார்த்துக் கயிறுதான் என்று தெளிந்த பின்னரும் அப்படபடப்பு அடங்கச் சிறிது நேரமாகிறது.

இதன் காரணம் மூளையின் அமைப்பில் உள்ளது. கண் கண்ட காட்சி மூளையினுள் இரு வழிகளிற் செல்கிறது. ஒரு வழி நீளமானது. அது மூளையின் மேற்பரப்பை அடைந்து, அங்கே உருவும் நிறமும் ஆராயப்பட்டு, பொருள் இன்னதென்று அறியப்படும் வழி. மற்றொன்று குறுக்கு வழி. அது பொருளை நுணுகி ஆராயாமல், 'அபாயம் இருக்கலாம்' என்ற அளவில் 'அமிக்டலா' என்னும் பகுதிக்குச் செய்தியை அனுப்பி விடுகிறது. வாதுமைப் பருப்பின் வடிவினதாகிய இப்பகுதி பக்கத்துக்கு ஒன்றாக மூளையின் ஆழத்தில் அமைந்துள்ளது. பாம்பைக் கயிறென்று எண்ணி மிதிப்பதைக் காட்டிலும், கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளுவது உயிருக்கு நல்லதன்றோ? ஆகவே, தவறாயினும் விரைவாக எச்சரிப்பதே அமிக்டலாவின் இயல்பாக அமைந்துள்ளது.

விரைந்து செல்லும் செய்தி

அமிக்டலாவின் எச்சரிக்கை சென்று சேரும் இடம் 'ஹைப்போதலாமஸ்' என்பதாகும். மூளையின் அடிப்புறத்தில் உள்ள இப்பகுதியின் எடை ஏறத்தாழ 4 கிராம்தான். உடலின் வெப்பம், பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றோடு நெருக்கடி நிலையையும் ஆள்வது இச்சிறு பகுதியே. ஆட்சித் தலைமையகத்திலிருந்து ஆணைகள் தந்தியிலும் தபாலிலும் செல்வதுபோல, இங்கிருந்தும் ஆணைகள் இரு வழிகளிற் செல்கின்றன.

தந்தியைப் போன்றது நரம்பு வழி. ஹைப்போதலாமஸின் ஆணை மூளைத்தண்டையும் தண்டுவடத்தையும் கடந்து, பரிவு நரம்புகள் வாயிலாக இருதயம், இரத்தக் குழாய்கள், கல்லீரல், குடல், வியர்வைச் சுரப்பிகள் ஆகியவற்றை நொடிப்பொழுதில் எட்டுகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளின் உட்பகுதியும் அவ்வாணையைப் பெற்று, 'அட்ரீனலின்' என்னும் சுரப்பு நீரை இரத்தத்தில் கலக்கிறது. இருதயம் விரைந்து துடிக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தம் குறைந்து, தசைகளுக்குச் செல்வது மிகுகிறது. கல்லீரல் தன்னிடம் சேமித்துள்ள சர்க்கரையை வெளிவிடுகிறது. மூச்சுக்குழல்கள் விரிகின்றன. கண்மணிகள் அகலுகின்றன. செரிமானம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது.

இவ்வெல்லா மாறுதல்களும் ஒரே நோக்கம் உடையவை என்பதை எடுத்துக் காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியற் பேராசிரியர் வால்டர் கானன் ஆவார். நாயைக் கண்டு சீறும் பூனையின் இரத்தத்தில் அட்ரீனல் சுரப்பு மிகுவதை அவரும் அவருடைய துணைவர்களும் கண்டனர். எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ உடலை ஆயத்தப்படுத்துவதே இம்மாறுதல்களின் பயன் என்று 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார்.

மெல்லச் செல்லும் செய்தி

தபாலைப் போன்றது இரத்த வழி. இதன் முதற்படியாக ஹைப்போதலாமஸ் ஒரு வேதிப்பொருளை மிகச் சிறிய அளவில் சுரக்கிறது. மூளைக்கும் அதன் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கும் இடையே நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளன. அவற்றின் வழியே இப்பொருள் பிட்யூட்டரியை அடைகிறது. பிட்யூட்டரி வேறொரு சுரப்பு நீரைப் பொது இரத்த ஓட்டத்தில் விடுகிறது. அது அட்ரீனல் சுரப்பிகளின் வெளிப்பகுதியை எட்டி, 'கார்ட்டிசால்' என்னும் மூன்றாவது சுரப்பு நீரைத் தோற்றுவிக்கிறது. நெருக்கடி தொடங்கி 20 அல்லது 30 நிமிடங்கள் கழித்தே கார்ட்டிசாலின் அளவு உச்சத்தை அடைகிறது.

பிட்யூட்டரியை நாளமில்லாச் சுரப்பிகளின் அரசன் என்று முற்காலத்தில் கருதினர். அவ்வரசனும் மூளையின் ஆணைக்குக் கட்டுப்பட்டவனே என்பதை இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ் தம் ஆராய்ச்சிகளால் நிறுவி, 1955-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆயினும், மூளை அனுப்பும் அந்த முதல் வேதிப்பொருள் எது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி வைலி வேலும் அவருடைய குழுவினரும், பெருந்தொகையான ஆடுகளின் ஹைப்போதலாமஸ் பகுதிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். அது 41 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி என்பதையும் கண்டனர்.

கார்ட்டிசாலைப் பகைவன் என்று எண்ணுதல் தவறு. அது இரத்தத்தின் சர்க்கரையைக் காக்கிறது. இரத்த அழுத்தம் தாழாமல் துணை நிற்கிறது. அழற்சி அளவு மீறிப் போகாமல் தடுக்கிறது. பாசறையில் விடியற்காலை எழுப்பும் ஊதுகொம்பு ஒலிப்பதற்கு முன்பே, உறங்கும் வீரனின் இரத்தத்தில் கார்ட்டிசால் உயரத் தொடங்கிவிடுகிறது. காலையில் உச்சத்தில் இருக்கும் அது நள்ளிரவையொட்டி மிகத் தாழ்கிறது. அட்ரீனல் சுரப்பிகள் கெட்டுப்போகும் நோயை 1855-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தார். அந்நோயாளிக்குச் சிறு காய்ச்சலும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

நிறுத்தும் ஆணை

இவ்வளவு வலிமை வாய்ந்த ஏற்பாட்டை நிறுத்துவது எவ்வாறு? இயற்கை இதற்கு மிக எளிய வழியைக் கையாண்டுள்ளது. கார்ட்டிசாலே இரத்தத்தின் வழியே மூளைக்குத் திரும்பி வந்து, 'ஆணை நிறைவேறிற்று; இனிப் போதும்' என்று அறிவிக்கிறது. இதனை ஏற்று ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் தம் சுரப்பைக் குறைக்கின்றன. தொட்டி நிரம்பியவுடன் மிதவை உயர்ந்து குழாயை அடைப்பதைப் போன்றது இது.

இச்செய்தியைப் பெறும் இடங்களுள் 'ஹிப்போகாம்பஸ்' என்பதும் ஒன்று. இது நினைவாற்றலுக்கு இன்றியமையாத பகுதி. 1968-ஆம் ஆண்டில் புரூஸ் மெக்எவன் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும், எலியின் ஹிப்போகாம்பஸ் அட்ரீனல் சுரப்பு நீரைப் பெருமளவில் பற்றி வைத்துக்கொள்வதைக் கண்டறிந்தனர். மூளை ஆணையிடுவது மட்டுமன்று, அவ்வாணையின் விளைவுக்குத் தானும் ஆட்படுகிறது என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்திற்று. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியும், 'இது கயிறே, பாம்பன்று' என்று தெளிந்து அமிக்டலாவை அடக்குவதில் பங்கு கொள்கிறது. மேலும், 'வேகஸ்' எனப்படும் நரம்பின் வழியே மூளை இருதயத்தின் விரைவைத் தணித்துச் செரிமானத்தை மீண்டும் தொடங்கி வைக்கிறது.

நிறுத்தும் இவ்வேற்பாட்டை அறிந்துகொள்வது நடைமுறைக்கும் இன்றியமையாதது. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் பல, கார்ட்டிசாலைப் போன்று செயற்படுபவை. அவற்றைப் பல வாரங்கள் தொடர்ந்து உண்டால், கார்ட்டிசால் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை கொண்டுவிடுகிறது. ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் ஆணை அனுப்புவதை நிறுத்த, அட்ரீனல் சுரப்பிகள் வேலையின்றிச் சுருங்குகின்றன. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், உடலில் கார்ட்டிசால் போதுமான அளவு இராது. மயக்கமும், வாந்தியும், இரத்த அழுத்த வீழ்ச்சியும் உண்டாகலாம். உயிருக்கே இடர் நேரலாம். ஆதலால் இம்மருந்தை மருத்துவர் சீட்டின்றித் தொடங்குதலும் கூடாது. நெடுநாள் உண்டபின் மருத்துவரைக் கேளாமல் நிறுத்துதலும் கூடாது.

1961 ஜூலை 12

நெருக்கடி குறுகியதாயின் உடல் அதை வெல்கிறது; நீண்டதாயின் என்ன நேர்கிறது? புணே நகரம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்கலாம்.

1961-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள் காலையில், புணேக்கு மேற்கே, கட்டி முடிவுறாதிருந்த பான்ஷேத் அணை உடைந்தது. முந்திய இரவில் படைவீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கி அதைக் காக்க முயன்றனர். பான்ஷேத்திலிருந்து பெருகிய நீரால் கடக்வாஸ்லா அணையும் உடையவே, முட்டா ஆற்றின் கரைகளில் இருந்த பேட்டைகளுள் வெள்ளம் புகுந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பர்வதி குன்று முதலிய மேடான இடங்களுக்கு ஓடினர்.

அவ்வாறு ஓடிய ஒருவரின் உடலில் நிகழ்ந்திருக்கக் கூடியது யாது? மேலே விவரித்த இரு வழிகளும் முழு அளவில் இயங்கியிருக்கும். அவரைக் குன்றின்மேல் ஏற்றியது அட்ரீனலினும் சர்க்கரையும் விரைந்து துடித்த இருதயமும்தாம். அக்காலையில் இவ்வெதிர்வினை அவருக்கு உயிர்த்துணையாயிற்று. ஆனால், நீர் வடிந்தபின் அவர் கண்டது வீடிழந்த வெற்று நிலம். வீடிழந்தோருக்குக் கோகலே நகர் முதலிய குடியிருப்புகள் பின்னரே எழுந்தன. இடைப்பட்ட காலத்தில் உறைவிடம், பிழைப்பு, பிள்ளைகளின் கல்வி ஆகியவை பற்றிய கவலை நாள்தோறும் தொடர்ந்திருக்கும். வெள்ளத்துக்கு ஓடித் தப்பலாம். கவலைக்கு ஓடித் தப்ப இயலாது. மூளையோ இரண்டிற்கும் ஒரே அபாய அறிவிப்பைத்தான் பயன்படுத்துகிறது. மழை இரைச்சல் கேட்கும்போதெல்லாம் அந்நாளை நினைத்து நடுங்குவோருக்கு, வராத வெள்ளமும் வந்த வெள்ளமேயாகும்.

நெருக்கடிகள் பலவாயினும் எதிர்வினை ஒன்றே என்னும் கருத்தை 1936-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டவர், மான்ட்ரியால் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே ஆவார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவு மீறி ஓடச் செய்தாலும், நஞ்சு ஊட்டினாலும் ஒரே வகையான விளைவுகளை அவர் கண்டார்: அட்ரீனல் சுரப்பிகள் பருத்தன, நோயெதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கிற்று, இரைப்பையிற் புண் தோன்றிற்று. முதலில் அபாய நிலை, அடுத்து எதிர்த்து நிற்கும் நிலை, நெருக்கடி நீளுமாயின் இறுதியிற் சோர்வு நிலை என மூன்று படிகளை அவர் வகுத்தார்.

எல்லா நெருக்கடிக்கும் எதிர்வினை முற்றிலும் ஒன்றே என்னும் கருத்து பிற்கால ஆராய்ச்சியால் திருத்தம் பெற்றது. எனினும், நீண்ட நெருக்கடி உடலைத் தேய்க்கிறது என்பது உறுதிப்பட்டுள்ளது. இரத்த அழுத்தம் உயர்கிறது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைகிறது, உறக்கம் கெடுகிறது, நோயெதிர்ப்பு தளர்கிறது. நெடுநாள் நெருக்கடிக்கு ஆட்பட்ட விலங்குகளில் ஹிப்போகாம்பஸின் நரம்பணுக் கிளைகள் குறுகுவதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நிறுத்தும் ஆணையில் பங்குகொள்ளும் பகுதியே தேய்வதால், நெருக்கடி தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் நிலை உண்டாகிறது.

இதனால் எல்லா நோய்க்கும் கவலையே காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. இரைப்பைப் புண்ணுக்கு மன நெருக்கடியே காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். ஆஸ்திரேலிய மருத்துவர்களாகிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவே காரணம் என்று காட்டி, 2005-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். உடலில் வலியோ புண்ணோ இருப்பின், 'எல்லாம் மனக்கவலைதான்' என்று ஒதுக்காமல் சோதித்துப் பார்த்தலே முறையாகும்.

படிப்படியாக ஏறுதல்

நெருக்கடியை முற்றும் விலக்கி வாழ்தல் எவர்க்கும் இயலாது. அளவறிந்து, இடையே ஓய்வு தந்து ஏற்கும் நெருக்கடியை உடல் பழகிக்கொள்கிறது. இமயத்தின் உயரங்களுக்குச் செல்லும் நம் படைவீரர்களின் பயிற்சியே இதற்குச் சான்று. மலையேற ஏறக் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது. கழுத்தின் இரத்தக் குழாய்களருகே உள்ள உணர்வுறுப்புகள் இதனை மூளைத்தண்டுக்கு அறிவிக்க, மூச்சும் இருதயத் துடிப்பும் விரைகின்றன. உடல் பழகுமுன் விரைந்து ஏறினால் கடும் நோயும் மரணமும் நேரலாம். ஆகவே 2,700 முதல் 3,600 மீட்டர் வரையிலான உயரத்தில் 6 நாளும், அடுத்து 4,500 மீட்டர் வரை 4 நாளும், அதற்கு மேல் மேலும் 4 நாளும் தங்கிப் பழகும் முறையை நம் தரைப்படை வகுத்துள்ளது. முதல் இரண்டு நாள்கள் ஓய்வுக்கே உரியவை. வீரத்தில் குறைந்தவர்கள் அல்லர் நம் வீரர்கள். எனினும் உடலுக்கு அவகாசம் தந்தே ஏறுகின்றனர்.

மூச்சு என்னும் வாயில்

இருதயத்தையோ அட்ரீனல் சுரப்பியையோ நாம் நேரே ஆள இயலாது. ஆனால் மூச்சு, தானாகவும் நடப்பது, நம் விருப்பப்படியும் நடப்பது. ஆகவே மூளையின் ஆட்சிக்குள் நாம் நுழைவதற்கு அது ஒரு வாயிலாக அமைகிறது.

யோகப் பயிற்சிகளை விஞ்ஞானக் கருவிகளைக் கொண்டு ஆராயும் பணி, புணேயிலிருந்து மும்பை செல்லும் வழியிலுள்ள லோணாவளாவில், 1924-ஆம் ஆண்டில் சுவாமி குவலயானந்தர் நிறுவிய கைவல்யதாமத்தில் தொடக்கத்திலேயே மேற்கொள்ளப்பட்டது. பின்னர், பால் கிருஷ்ண ஆனந்த் என்னும் நம் நாட்டு உடலியலறிஞர் இத்துறையில் ஈடுபட்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1951-ஆம் ஆண்டில் பிராபெக் என்பவருடன் சேர்ந்து, ஹைப்போதலாமஸிற் பசியைத் தூண்டும் பகுதியைக் கண்டறிந்தவர் இவரே. இருதயத்தை நிறுத்தவல்லோம் என்று கூறிய யோகியர் சிலரைச் சீனா என்னும் துணைவருடன் சேர்ந்து இவர் சோதித்து, 1961-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். நாடித்துடிப்பு கைக்குத் தட்டுப்படாமலும் இருதய ஒலி செவிக்கு எட்டாமலும் போனது உண்மையே. மின்பதிவுக் கருவியோ இருதயம் துடித்துக்கொண்டே இருந்ததைக் காட்டிற்று. மூச்சை அடக்கி மார்பினுள் அழுத்தத்தை உயர்த்தியதன் விளைவு அது. வியப்பை மறுக்காமலும், வியப்பில் மயங்காமலும் உண்மையைக் கண்ட இம்முறை போற்றத்தக்கது.

மூச்சினால் இருதயம் நிற்பதில்லை; தணிகிறது. மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயல் மிகுந்து இருதயம் சற்று மெதுவாகத் துடிக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறை என்ற அளவில் நிதானமாக மூச்சை இழுத்து விடுவது பலருக்குப் படபடப்பைத் தணிக்கிறது. நாள்தோறும் நடத்தல், வேளை தவறாத உறக்கம், நம்பத்தக்கவரிடம் மனம்விட்டுப் பேசுதல் ஆகியவையும் நிறுத்தும் ஆணைக்குத் துணை செய்பவை.

ஆனால் வறுமையும், வேலையின்மையும், வன்முறையும் உண்டாக்கும் நெருக்கடியை மூச்சுப் பயிற்சியால் மட்டும் நீக்கிவிட முடியாது. அபாயத்தை அகற்றாமல் அபாய அறிவிப்பை மட்டும் அடக்குதல் பாசறைக்கும் நன்றன்று, உடலுக்கும் நன்றன்று. கவலையும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வில் வெறுப்புத் தோன்றினாலோ மருத்துவரை நாடுதல் வேண்டும். மைய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் உதவி பெறலாம். நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் கோழைமையின் அடையாளங்கள் அல்ல. மூளை தன் காவற்பணியைச் செய்கிறது என்பதன் அறிகுறிகள். அக்காவலனுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை மறவாதிருப்போமாக.